பிறக்காத கன்றுக்கும் தீவனம்

பால் வற்றிய ஒரு சினைப்பசு தொழுவத்தில் நிற்கிறது. கன்று ஈன இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ‘கறக்காத மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் எதற்கு? வைக்கோல் போட்டால் போதும்’ என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பால் வராத நாளில் செலவைக் குறைப்பது நியாயம்தானே என்று தோன்றும். மாணவ நண்பர்களே, இந்தக் கணக்கு சரியா என்று நாமும் போட்டுப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு 220 கிராம்

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள்; எருமைக்குச் சுமார் 310 நாள். முதல் ஆறு மாதங்களில் கருவின் உறுப்புகள் உருவாகின்றனவே தவிர, எடை அதிகம் ஏறுவதில்லை. பிறக்கும்போது உள்ள எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. கன்றின் எடை 30 கிலோ என்று கொள்வோம். அதில் 20 கிலோ கடைசி 90 நாளில் சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்குச் சுமார் 220 கிராம்!

பொருள் வெறுமையிலிருந்து தோன்றாது என்பது நீங்கள் படித்த பாடம். இந்த 220 கிராமும் தாய் தின்னும் தீவனத்திலிருந்து வர வேண்டும். அது போதாவிட்டால் தாயின் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் வர வேண்டும். அங்கும் இல்லையென்றால் கன்று மெலிந்து பிறக்கும். ஆகவே பால் வற்றிய மாடு சும்மா நிற்கும் மாடு அல்ல.

இரண்டு வழிகள்

தாயிடமிருந்து கன்றுக்குப் பொருள்கள் இரண்டு வழிகளில் போய்ச் சேருகின்றன. பிறப்பதற்கு முன் நஞ்சுக்கொடி. பிறந்த பின் மடி.

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுக்கொள்கிறது. கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்திற்கும் கருவின் இரத்தத்திற்கும் இடையே திசு அடுக்குகள் அதிகம். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், தாது உப்புகள் போன்றவை அவற்றைக் கடந்துவிடும். பெரிய மூலக்கூறுகளான இம்யூனோகுளோபுலின்கள் கடப்பதில்லை. வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ இரண்டும் மிகக் குறைவாகவே கடக்கின்றன. எனவே கன்று பிறக்கும் நொடியில் அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இல்லை.

இக்குறையை நிறைப்பதுதான் சீம்பால். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பசுவின் இரத்தத்திலுள்ள இம்யூனோகுளோபுலின்கள் மடியில் சேரத் தொடங்கிவிடுகின்றன. வைட்டமின்களும் அதில்தான் வருகின்றன. சீம்பாலின் மஞ்சள் நிறம் பசு தின்ற பசுந்தீவனத்தின் கரோட்டின் தந்த நிறம். நன்றாகக் காய்ந்த வைக்கோலில் கரோட்டின் மிகமிகக் குறைவு. அதை மட்டுமே தின்ற பசு எதைக் கொண்டு சீம்பாலுக்கு வைட்டமின் ஏ தரும்?

மூடிக்கொள்ளும் கதவு

பிறந்த கன்றின் குடல், பெரிய புரத மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்திற்குள் விடும். ஆனால் இந்தத் திறன் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போகும். ஆதலால் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். அதில் பாதியை முதல் இரண்டு மணிக்குள் கொடுப்பது நல்லது. 30 கிலோ கன்றுக்கு மொத்தம் 3 லிட்டர். நஞ்சு விழும்வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்று சில ஊர்களில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் கழிவது, கன்றின் வாழ்நாளிலேயே விலைமதிப்புள்ள நேரம்.

தாய்க்குத் தீவனம் குறைந்தால் இங்கேயும் கேடுதான். சுரக்கும் சீம்பாலின் அளவு குறையும். வலுவற்ற கன்று எழுந்து நின்று மடியைத் தேடவே நேரமாகிவிடும். அதற்குள் கதவு பாதி மூடியிருக்கும்.

சீம்பால் தரமானதா என்று அறிய ஓர் இயற்பியல் வழி உண்டு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மானியை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். பசும்பாலின் ஒப்படர்த்தி சுமார் 1.028 முதல் 1.032 வரை. நல்ல சீம்பாலுக்கு அது 1.050-க்கு மேல் இருக்கும். அதாவது லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் இம்யூனோகுளோபுலின் இருக்கலாம் என்று பொருள். இதற்கெனத் தனி மிதவைமானிகள் உள்ளன. வெப்பநிலை மாறினால் அடர்த்தியும் மாறுமாகையால், ஒரே வெப்பநிலையில் அளக்க வேண்டும்.

ஒரு நஞ்சு மருந்தான கதை

தாயின் தீவனம் குட்டியின் உயிரைக் காக்கும் என்பதற்குத் தெளிவான சான்று ஆடுகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சில பகுதிகளில் செம்மறிக் குட்டிகளும் கன்றுகளும் தசை வெளுத்து, நிற்க முடியாமல் இறந்தன. இதயத் தசையும் பழுதுபட்டது. இதற்கு வெண்தசை நோய் என்று பெயர்.

செலினியம் என்னும் தனிமத்தை 1817-இல் பெர்சீலியஸ் கண்டறிந்தார். வெகுகாலம் கால்நடைகளுக்கு அது ஒரு நஞ்சு என்றே கருதப்பட்டது. 1957-இல் சுவார்ட்சும் ஃபோல்ட்சும், மிகச் சிறு அளவில் அது உடலுக்குத் தேவை என்று எலிகளில் காட்டினர். மறு ஆண்டே ஆரிகன் ஆய்வாளர்கள் சினை ஆடுகளின் தீவனத்தில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு செலினியம் சேர்த்துக் கொடுத்தனர். அவற்றின் குட்டிகள் வெண்தசை நோயிலிருந்து தப்பின. உயிரணுக்களைச் சிதைக்கும் பெராக்சைடுகளை அழிக்கும் ஒரு நொதியில் செலினியம் இருக்கிறது என்பது 1973-இல் தெரியவந்தது.

இன்று பசுவின் உலர் தீவனத்தில் பத்து லட்சத்தில் 0.3 பங்கு செலினியம் போதுமென்று கொள்கிறார்கள். நாளுக்கு 10 கிலோ உலர் தீவனம் தின்னும் பசுவுக்கு 3 மில்லிகிராம். ஓர் அரிசிமணியின் எடை சுமார் 20 மில்லிகிராம் என்றால், அதில் ஏழில் ஒரு பங்குதான்! இதே போல் அயோடின் குறைந்தால் கன்று கழுத்து வீங்கி, சில வேளை மயிரின்றிப் பிறக்கும். செம்பைக் கரு தன் ஈரலில் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. பாலில் செம்பு மிகக் குறைவு என்பதால் அந்தச் சேமிப்பே பிறந்தபின் கைகொடுக்கிறது.

‘கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது’ என்று எண்ணிவிடாதீர்கள். பஞ்சாபின் சில பகுதிகளில் மண்ணிலேயே செலினியம் மிகுந்து, மாடுகளின் குளம்பும் கொம்பும் பழுதானதுண்டு. அதனால்தான் அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற தாது உப்புக் கலவைகள் தயாரிக்கப்படுகின்றன. எது ஏற்றது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

செலவு எவ்வளவு?

ஏழாம் மாதத்திலிருந்து வழக்கமான தீவனத்துடன் நாளுக்கு 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனம். அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனம். 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. இவ்வளவே தேவை. நாளுக்கு 50 கிராம் என்றாலும் இரண்டு மாதத்திற்கு மூன்று கிலோ கலவை போதும். மாடு மிதமிஞ்சிக் கொழுத்தால் ஈனுவது கடினமாகும். அதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சினைப்பசு இருந்தால், அதன் சினை மாதம் என்ன, தொட்டியில் என்ன போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் முதலில் போட்ட கணக்கை வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். கறக்காத மாட்டுக்குப் போடும் தீவனம் வீணாவதில்லை. அதில் ஒரு பங்கு, இன்னும் பிறக்காத கன்றுக்குப் போய்ச் சேருகிறது.