செத்தால் 108 டாலர்... உயிரோடு இருந்தால் 19 லட்சம் டாலர்! பலாவு நாட்டின் சுறா கணக்கு

சுறா என்றாலே பயந்து ஓடுபவர்கள்தான் அதிகம். ஆனால், சுறாவைப் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி பலாவுக்கு வருகிறார்கள் ஸ்கூபா டைவிங் பிரியர்கள். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் குட்டி நாடு இது. மக்கள்தொகை சுமார் 18,000தான்.

இங்கே பலரின் கனவு இடம், 'ப்ளூ கார்னர்'. பவளத்திட்டு ஆழ்கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் முனை அது. நீரோட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் உடையோடு கட்டிய கயிற்றின் கொக்கியை, பவளம் இல்லாத வெறும் பாறையில் மாட்டிக்கொண்டு, பட்டம்போல மிதக்கிறார்கள். கண்ணெதிரே சாம்பல்நிறச் சுறாக்கள் சாவகாசமாக உலா வரும்.

சூப்புக்காகத் துடுப்புகள் வெட்டப்பட்டு உலகெங்கும் சுறாக்கள் அழிந்துவந்த நேரத்தில், 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறா சரணாலயமாக அறிவித்தது பலாவு. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்!

2011-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. பிடித்து விற்றால் ஒரு சுறாவுக்குக் கிடைப்பது 108 டாலர். டைவிங் தளத்தில் உயிரோடு திரிந்தால், அதன் வாழ்நாளில் சுற்றுலா மூலம் வருவது 19 லட்சம் டாலர்!

வருகிற விருந்தாளிக்கும் கடமை உண்டு. இயற்கையைக் காப்பதாக பலாவின் குழந்தைகளுக்குத் தரும் உறுதிமொழி, 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே முத்திரையாகக் குத்தப்படுகிறது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி. பவளத்தைப் பாதிக்கும் ரசாயனங்கள் கொண்ட சன்ஸ்கிரீனுக்கும் 2020 முதல் தடை.

ஆனால், சூடாகும் கடலுக்கு ஒரு குட்டி நாடு சட்டம் போட முடியாதே! 1998-ல் கடல்நீர் சூடேறியபோது இங்கே ஏராளமான பவளங்கள் வெளுத்து மடிந்தன. பவளம் போனால் மீன் இல்லை. மீன் இல்லாத இடத்தில் சுறாவுக்கு என்ன வேலை?