நான்காவது காய்

நம் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சதுரங்கப் பலகையைச் சூழ்ந்து நிற்கும் நண்பர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் தன் காயை வலியக் கொண்டுபோய் எதிரியிடம் கொடுத்து ஆட்டத்தையும் வென்றுவிட்டால், "என்ன துணிச்சல்!" என்று வியப்பார்கள். அது துணிச்சல் அன்று, கணக்கு என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக நம்மவர் ஆடிய ஓர் ஆட்டத்தையே அழைக்கிறேன்.

2013 ஜனவரியில் நெதர்லாந்தில் உள்ள வைக் ஆன் ஸீயில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த விசுவநாதன் ஆனந்த், ஆர்மீனியரான லெவோன் அரோனியனைக் கறுப்புக் காய்களுடன் எதிர்த்தார். வெள்ளையின் 16ஆவது நகர்த்தல் முடிந்த நிலையைத் தருகிறேன். பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் சி1, ஈ2, குதிரைகள் சி3, எச்7, சிப்பாய்கள் ஏ3, பி2, டி4, எஃப்4, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் சி8, எஃப்8, மந்திரிகள் பி7, சி5, குதிரைகள் டி7, ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, ஈ6, எஃப்7, ஜி7.

(இதை வடநாட்டு அறைத்தோழருக்கு விளக்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் மந்திரி அவருக்கு ஒட்டகம். அவருடைய 'வஜீர்' நமக்கு ராணி. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ராணி பறிபோகும்!)

கறுப்பின் நிலையைப் பாருங்கள். சி5 மந்திரியை டி4 சிப்பாய் வெட்டலாம். ஜி4 குதிரையை ஈ2 மந்திரி வெட்டலாம். எஃப்8 யானையை எச்7 குதிரை வெட்டலாம். அந்தக் குதிரையையோ சி2 ராணி காத்து நிற்கிறது; ராஜா அதைத் தொட முடியாது. மூன்று காய்கள் ஆபத்தில் இருக்கும்போது நாமெல்லாம் எதைக் காப்பது என்றுதான் முதலில் தேடுவோம். யானையை நகர்த்தினால் குதிரை போகும். ஆனந்த் எதையும் காக்கவில்லை. டி7 குதிரையை ஈ5இல் வைத்தார், எஃப்4 சிப்பாயின் வாயில்! இது நான்காவது காய்.

அந்தக் குதிரை சென்ற இடத்தைவிட, அது விட்டுச்சென்ற இடமே முக்கியம். டி வரிசை திறந்து, கறுப்பு ராணியின் பார்வை டி4 வரை பாய்கிறது. சி5 மந்திரியும் அதே கட்டத்தின் வழியாக ஜி1 ராஜாவைக் குறிவைக்கிறது. அதனால் டி4 சிப்பாய் ஈ5 குதிரையை வெட்டவே முடியாது. விலகினால் ராஜாவுக்குச் செக்.

எஃப்4 சிப்பாய் வெட்டினால்? ராணி டி4ஐ வெட்டிச் செக். சாதாரண நிலையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் முப்பது நகர்த்தல்கள் இருக்கும். இரு பக்கமும் மூன்று மூன்று நகர்த்தல் பார்ப்பதானால் 72 கோடியே 90 லட்சம் வழிகள். எந்த மனித மூளையும் தாங்காது. ஆனால் இந்தச் செக்குக்கு விடை மூன்றே மூன்று. ராஜா எச்1க்குப் போனால் ராணி ஜி1இல் செக். மந்திரியின் துணை இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். உடனே குதிரை எஃப்2இல் செக்மேட்! ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுத் திணறுகிறது. யானையை எஃப்2இல் குறுக்கே வைத்தால் ராணி அதை வெட்டி, அடுத்து ஜி1இல் மேட். மந்திரியை ஈ3இல் வைத்தால் அதையும் வெட்டிவிட்டுப் பழைய மேட்டுக்கே வரலாம்.

இதோடு கணக்கு முடிந்தது என்று எண்ணுவோர்தாம் நம்மில் பலர். எதிரி நாம் விரும்பும் காயைத்தான் வெட்டுவான் என்று யார் சொன்னது? அரோனியன் வெட்டவில்லை. ஆகவே அவர் வேறு எதை வெட்டினாலும் நம் நகர்த்தல் நிலைக்குமா என்பதே உண்மையான சோதனை. மந்திரியால் ஜி4ஐ வெட்டினாலும், குதிரையால் எஃப்8ஐ வெட்டினாலும், சிப்பாயால் சி5ஐ வெட்டினாலும் டி4இல் ஒரு செக் விழுகிறது. நான்கு வெட்டுக்கும் ஒரே கட்டத்தில் பதில்! ஆனந்த் இந்தத் தொடக்கத்தை முன்பே ஆராய்ந்து வைத்திருந்தவர்தான். ஆயினும் இந்தக் கட்டத்தைக் கண்டுகொள்ள நமக்கும் வழியுண்டு.

அரோனியன் ஜி4ஐ வெட்டினார். டி4இல் மந்திரியின் செக்; ராஜா எச்1க்கு ஒதுங்கியது; மற்றக் குதிரை ஜி4ஐத் திரும்ப வெட்டியது. வெள்ளைக் குதிரை யானையைத் தின்றது. ஆனந்த் அதைப் பிடிக்க ஓடாமல் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எச்7 நோக்கிய ராணியின் பாதையை அடைத்தார். பிறகு அந்தக் குதிரையும் அகப்பட்டது. 23ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி டி3இலிருந்து எச்3 சிப்பாயைக் காத்து நிற்க, டி4 மந்திரி ஈ3இல் வந்து அமர்ந்து அந்தக் காவலைத் துண்டித்தது. வெள்ளை மந்திரி அதை வெட்டினால் கறுப்பு ராணி எச்3ஐ வெட்டிச் செக்; பி7 மந்திரியால் கட்டுண்ட ஜி2 சிப்பாய் ஒன்றும் செய்ய முடியாது; அடுத்தது மேட். ராணியால் வெட்டினால் ஜி4 குதிரை ராணியை எடுக்கும். அரோனியன் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.