தலைகீழாய் நீந்தும் தூண்டில்முள்

குளத்தங்கரையில் தூண்டில் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். நரம்பின் நுனியில் முள். சற்று மேலே ஒரு ஈயக்குண்டு. வீசும்போது குண்டு முன்னே பறக்கிறது. இலேசான நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது.

மேலைநாடுகளில் 'ஈத்தூண்டில்' என்று ஒரு முறை உண்டு. அதில் எல்லாம் நேர்மாறு. முள்ளின்மேல் இறகும் உரோமமும் வைத்து நூலால் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. ஊதினால் பறந்துவிடும் அதை எப்படித் தொலைவில் வீசுவது? நரம்பையே கனமாகச் செய்துவிட்டார்கள்! எட்டாம் எண் நரம்பில் முதல் 9 மீட்டரின் எடை மட்டும் சுமார் 13.6 கிராம். சாட்டையைப்போல் கழியைச் சொடுக்கினால் நரம்பு வளைந்து உருண்டு விரியும். இரை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

பூச்சிக்குப் பதிலாகச் சின்ன மீனைப்போல் கட்டினால் அதற்கு 'ஸ்ட்ரீமர்' என்று பெயர். சிறுமீனைத் தின்னும் பெரிய மீன்கள் பெரும்பாலும் ஆற்றின் அடியில் பாறைகளின் ஓரமாகக் காத்திருக்கும். வெறும் உரோமக்கட்டு அங்கே எளிதில் இறங்காது. எடை சேர்க்கவேண்டும். ஆனால் எந்த இடத்தில்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வழியே ஓடும் சஸ்குவெஹானா ஆற்றில் 'ஸ்மால்மவுத் பாஸ்' என்ற மீன் உண்டு. அதைப் பிடிக்க வழிகாட்டியாயிருந்த பாப் கிளவுசர் என்பவர் 1980களில் இதற்கு விடை கண்டார். உடற்பயிற்சிக்குரிய டம்பெல் போன்ற சின்ன ஈயத்துண்டை, முள்ளின் தண்டில், முனை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டினார். அதன் இரு குண்டுகளும் மீனின் இரு கண்களாகிவிட்டன. எடை ஏறக்குறைய ஒரு கிராம்தான்!

அந்த ஒரு கிராம் என்ன செய்கிறது தெரியுமா? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கிறதல்லவா? கனமான பக்கம் கீழே போக முயல்வதே காரணம். இங்கும் அப்படியே. ஈயம் கீழே போகிறது. முள் கவிழ்ந்து, முனை வானத்தைப் பார்க்கிறது. பாறையில் உரசினாலும் மாட்டிக்கொள்வது மிகக் குறைவு. கட்டுக்கம்பியை 'ப' வடிவில், ஒரு கால் நீளமாகவும் மறுகால் குட்டையாகவும் வளைத்து, நீளக்காலின் வெளிப்புறத்தில் ஒரு பித்தளை நட்டைக் கட்டி, வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நட்டு இல்லாமலும் ஒருமுறை போடுங்கள்.

இனிக் கட்டும் முறை. முள்ளைப் பிடிகருவியில் இறுக்கி, தண்டில் நூலைச் சுற்றவேண்டும். கண்களைத் தண்டின் நுனியிலிருந்து கால்பங்கு தள்ளி வைத்து, எட்டு வடிவில் நூலை மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். இங்கே சோம்பினால் கண்கள் பம்பரமாய்ச் சுழலும்! கண்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மான்வாலின் வெள்ளை உரோமத்தைப் படியவைத்துக் கட்டுவார்கள். பிறகு முள்ளைத் திருப்பி, மின்னும் இழை சிலவற்றையும், பச்சையோ பழுப்போ ஆன உரோமத்தையும் கட்டுவார்கள். நீரில் கவிழ்ந்ததும் வெள்ளை வயிறாகும்; நிறமுள்ளது முதுகாகும். உண்மை மீன்களில் பலவற்றுக்கும் இதே நிற அமைப்புத்தானே! உரோமம் அதிகம் வைப்பது புதியவர் செய்யும் தவறு. அடர்ந்த கட்டு மெதுவாக இறங்கும்; மீன்போல் நெளியாது.

கனம் தலைப்பக்கம் இருப்பதால், இழுக்கும்போது இரை மேலே எழும்; நிறுத்தினால் தலைகுப்புறச் சரியும். அடிபட்ட சிறுமீன் இப்படித்தான் தடுமாறும். ஆகவே கையால் ஒரு சாண் இழுத்து நிறுத்தி, மறுபடி இழுக்கவேண்டும். சரியும் அந்தக் கணத்தில்தான் பெரிய மீன் பலமுறை கவ்வுகிறது. அப்போது நரம்பு தொய்ந்திருந்தால் அது கவ்வியதே உங்களுக்குத் தெரியாது.

வீசுவதில் ஒரு தொல்லை உண்டு. 13.6 கிராம் நரம்பின் நுனியில் ஒரு கிராம் தனியே துள்ளும். சொடுக்கை மெதுவாக்கி, வளைவை அகலமாக்கினால்தான் அடங்கும். தலையருகே பறப்பது கூரிய முள்! கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இதை வீசக்கூடாது.

ஈயம் நச்சு உலோகம் என்பதையும் சொல்லவேண்டும். அன்னங்களுக்குப் பல் இல்லை. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். பிரிட்டனில் கரையிலும் நீரடியிலும் கிடந்த தூண்டில் ஈயத்தைக் கல்லென்று விழுங்கி ஏராளமான அன்னங்கள் இறந்தன. அரைப்பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலந்துவிடும். 1987இல் அங்கே பெரும்பாலான சிறு தூண்டில் ஈயங்கள் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவிலும் சில மாநிலங்கள் பின்னர் கட்டுப்பாடு விதித்தன.

எனவே இப்போது பலர் பித்தளைக் கண்களையோ டங்ஸ்டன் கண்களையோ கட்டுகிறார்கள். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5, டங்ஸ்டனுக்கு 19.3. ஒரே அளவுள்ள கண்களானால் பித்தளை சற்று மெதுவாக இறங்கும். டங்ஸ்டன் ஈயத்தை முந்திவிடும். விலையிலும் அப்படியே முந்துகிறது.