சுத்தியால் மண்டையை உடைப்பதா? ஜன்னலுக்குப் பலகை அடிப்பதா?

நடைப்பிணங்களோடு மல்லுக்கட்டும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஆயுதக் கணக்கு படுத்தும் பாடு

ஊர் முழுக்க நடைப்பிணங்கள். உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். அவர் கையில் ஒரே ஒரு சுத்தி. வாசல் கதவை இரண்டு பிணங்கள் தட்டிக்கொண்டு நிற்கின்றன.

சுத்தியால் இரண்டின் மண்டையையும் பிளந்துவிடலாம். ஆனால் சுத்தி உடைந்துபோனால்? ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேறு சுத்தி கிடையாது. மூன்றாவது பிணம் ராத்திரி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும்!

இந்த இக்கட்டை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் 2011-ம் ஆண்டு முதல் சக்கைப்போடு போட்டு வருகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆட்டத்தின் பெயர் "பிராஜெக்ட் ஜொம்பாய்டு". தயாரித்தது "தி இண்டி ஸ்டோன்" என்ற கம்பெனி. சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி அது. 2013 நவம்பரில் "ஸ்டீம்" என்ற கம்ப்யூட்டர் ஆட்டக் கடையில் இதை விற்பனைக்கு வைத்தார்கள். "வேலை இன்னும் முடியவில்லை" என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள்.

கதை நடக்கும் இடம், அமெரிக்காவில் உள்ள கென்டக்கி மாநிலம். கதை தொடங்கும் நாள் 1993 ஜூலை 9. மல்ட்ரா, வெஸ்ட் பாயிண்ட், லூயிவில் என்று ஆட்டத்தில் வரும் ஊர்கள் நிஜமாகவே அந்த மாநிலத்தில் உள்ளவை.

போலீஸ் வராது. ராணுவம் வராது. கொஞ்ச நாளில் கரண்டும் போகும், குழாயில் தண்ணீரும் நிற்கும். ஆடுகிறவர் கடைசியில் சாகத்தான் போகிறார். ஆட்டம் தொடங்கும்போதே அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் போட்டி.

கடித்தால் கதை முடிந்தது

பிணம் நகத்தால் பிறாண்டினால், நோய் தொற்ற 7 சதவீத வாய்ப்பு. சதை கிழிந்தால் 25 சதவீதம். பல் பட்டுவிட்டால் 100 சதவீதம். வைத்தியம் கிடையாது. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து வளர்த்த ஆள், ஒரு நிமிஷ அசட்டையில் போய்ச் சேருவார். செத்தவரைத் திருப்பி எழுப்ப வழி இல்லை.

ஆகவே, கையில் எதை எடுக்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை.

"துப்பாக்கி இருக்கே, சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். சுடலாம். ஆனால் துப்பாக்கி போடும் சத்தத்தில் சுற்றுவட்டாரத்துப் பிணமெல்லாம் கிளம்பி வந்துவிடும். ஐந்தைச் சுடப் போனவர் ஐம்பதிடம் மாட்டிக்கொள்வார். தோட்டாவும் தீரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கோடரி, கடப்பாரை, மட்டை, கத்தி என்று கையால் அடிக்கிற சாமான்களையே நம்புகிறார்கள்.

இங்கேதான் தயாரிப்பாளர்களுக்குத் தலைவலி. எல்லா ஆயுதமும் ஒரே மாதிரி இருந்தால் ஆட்டத்தில் சுவை இல்லை. ஒன்று மட்டும் ஒசத்தியாக இருந்தால் எல்லாரும் அதையே தூக்கிக்கொண்டு அலைவார்கள். மற்றதெல்லாம் குப்பை. தராசை எப்படிப் பிடிப்பது?

கோடரியா, கடப்பாரையா?

இந்தக் கடப்பாரை, நம் ஊரில் பள்ளம் தோண்டுகிற ஆளுயரக் கடப்பாரை அல்ல. ஒரு முனை வளைந்து, ஆணி பிடுங்கவும் பலகை நெம்பவும் பயன்படும் குட்டைக் கம்பி. வெளிநாட்டு சினிமாவில் பூட்டை உடைக்கிற திருடன் கையில் பார்த்திருக்கலாம்.

2021 டிசம்பரில் வந்த 41-ம் பதிப்பின் கணக்கைப் பார்க்கலாம். கோடரியின் ஒரு வீச்சுக்கு அடி பலம் 0.8-ல் இருந்து 2.0 வரை. கடப்பாரைக்கு 0.6-ல் இருந்து 1.15 வரைதான். பேஸ்பால் மட்டைக்கு 0.8-ல் இருந்து 1.1.

இதைப் பார்த்தால் கோடரிதான் ராஜா என்று தோன்றும். ஆனால் விஷயம் ஆயுளில் இருக்கிறது.

ஒவ்வொரு சாமானுக்கும் ஆயுள் புள்ளி உண்டு. கோடரிக்கு 13, கடப்பாரைக்கு 15, மட்டைக்கும் 15. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ளே ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கும். கோடரி என்றால் 35-க்கு ஒரு தரம் என்ற கணக்கில் ஒரு புள்ளி குறையும். கடப்பாரைக்கு 70-க்கு ஒரு தரம். மட்டைக்கு 20-க்கு ஒரு தரம். பழக்கம் இல்லாத புது ஆள் கையில் கோடரி சராசரியாக 455 அடி தாங்கும். மட்டை 300 அடி. கடப்பாரையோ 1,050 அடி!

கடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாபம் அதிகம் வைத்து விற்கும் சரக்கு சீக்கிரம் கெடும். லாபம் குறைவான சரக்கு அலமாரியில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். எதை வாங்கிப் போடுவது?

கோடரிக்கு இன்னொரு சலுகை உண்டு. பிசினும் ஒட்டு நாடாவும் வைத்துப் பழுது பார்க்கலாம். ஆனால் ஒரு தடவை ஒட்டியதை மறு தடவை ஒட்டினால் முன்போல் பிடிக்காது. கடப்பாரைக்கு அந்தப் பதிப்பில் ரிப்பேர் வேலையே கிடையாது. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

மரம் யார் வெட்டுவது?

இதில் உண்மையான சூட்சுமம் அடியில் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. அங்கேதான் பிடித்தார்கள் தராசை.

கோடரி இல்லாவிட்டால் மரம் வெட்டச் சிரமம். மரம் இல்லாவிட்டால் ரம்பம் போட்டு அறுக்கக் கட்டை இல்லை. கட்டை இல்லாவிட்டால் பலகை இல்லை. பலகையை அடிக்கச் சுத்தி வேண்டும். சுத்தி போச்சா? வீடும் போச்சு! பிணத்தின் மண்டையில் இறக்குகிற ஒவ்வொரு அடியும், நாளைக்குக் கட்ட வேண்டிய சுவரில் இருந்து கழிகிறது.

சம்மட்டியின் கதை இன்னும் வேடிக்கை. கடப்பாரையின் எடை 2 என்றால், கோடரிக்கு 3, சம்மட்டிக்கு 6. கிடைப்பதே அபூர்வம். ஆனால் சுவரையும் மாடிப்படியையும் இடித்துத் தள்ள அதுதான் வேண்டும். மாடிப்படியை இடித்துவிட்டு மேல்மாடியில் கயிறு கட்டி ஏறிக்கொண்டால் பிணங்கள் கீழேயே நின்று முழிக்கும். இப்படிப்பட்ட சாமானை எடுத்துப் போய்ப் பிணத்தை அடித்து உடைக்கிறவர், ஆண்டி மடம் கட்டப் பிடித்த ஆள்!

மூச்சு வாங்குவதும் கணக்கில் சேரும். கனமான சாமானை வீச வீசக் களைப்பு ஏறும். களைத்தவன் அடி பிணத்துக்கு உறைக்காது. ஆட்டத்தை அவர்கள் வைத்தபடியே ஆடினால் ஒரு வீச்சுக்கு ஒரு பிணம்தான். பத்துப் பேர் கும்பலாக வந்தால் சம்மட்டிக்காரர் நாலாவது பிணத்திலேயே நாக்குத் தள்ளிப்போவார்.

கத்தி எடுத்தால் பிணத்தின் தாடைக்குக் கீழே ஒரே குத்தில் வேலை முடியலாம். ஆனால் அதற்கு மூக்கோடு மூக்கு முட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். போனால் அது கடிக்குமே! ஈட்டி இதற்கு நேர் எதிர். மரக்கிளையைக் கத்தியால் சீவினால் இலவசமாக ஒரு ஈட்டி. எட்ட நின்று குத்தலாம். ஆனால் சில குத்திலேயே பிளந்துவிடும். ஈட்டிக்காரர் முதுகில் விறகுக்கட்டு மாதிரி ஏழெட்டைச் சுமந்து திரிய வேண்டும்.

எதுவுமே இல்லையா? கீழே தள்ளிக் காலால் மிதிக்கலாம். அதிலும் வெறுங்காலுக்கு ஒரு பலம், பூட்ஸுக்கு ஒரு பலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மற்ற ஆட்டங்கள்

2009-ல் வந்த "லெஃப்ட் 4 டெட் 2" ஆட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை. வாணலியோ, மட்டையோ, கோடரியோ எதை எடுத்தாலும் சாதாரண நடைப்பிணம் ஒரே அடியில் காலி. எதுவும் உடையாது. மரம் அறுக்கும் மெஷினுக்கு மட்டும் பெட்ரோல் தீரும். அதற்குப் பதிலாகக் கைத்துப்பாக்கியை விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் தராசு.

2006-ல் வந்த "டெட் ரைசிங்" நேர் மாறு. ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் மாட்டிக்கொண்டவர், பெஞ்சு, டி.வி., பூந்தொட்டி என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து அடிப்பார். எல்லாம் சீக்கிரம் உடையும். ஆனால் அடுத்த கடையில் வேறு கிடைக்கும். உடைவதே அதில் தமாஷ்.

ஜொம்பாய்டில் உடைவது தமாஷ் அல்ல.

இந்தக் கம்பெனிக்காரர்களுக்கே அது நேர்ந்தது. 2011 அக்டோபரில் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில், இவர்களில் இருவர் குடியிருந்த வீட்டில் திருட்டு நடந்தது. இரண்டு லேப்டாப்புகள் போயின. ஆட்டத்துக்காக எழுதிய வேலையில் பெரும்பகுதி அதில் இருந்தது. வெளியே வேறு நகல் எடுத்து வைக்கவில்லை! மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். ஆட்டத்தில் ஆள் எந்தத் தொழில்காரர் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் "திருடர்" என்பதும் ஒன்று.

கை வலிக்குது!

2024 டிசம்பரில் சோதனைக்காக 42-ம் பதிப்பை வெளியிட்டபோது புதுக் கலாட்டா கிளம்பியது.

அதில் கத்தி, கோடரிகளுக்குக் கூர் தனிக் கணக்கு. சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். கோடரிக்குத் தலை வேறு, பிடி வேறு. இதை ஆட்டக்காரர்கள் ஆசையாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கூடவே தசைவலி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கையை ஓங்கி ஓங்கி அடித்தால் கை வலிக்கும். வலிக்கிற கையால் சரியாக அடிக்க முடியாது.

ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆடுகிறவனுக்கு ஆட்டத்திலும் கை வலியா என்று கேட்டார்கள். நாலு பிணத்தை அடித்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டுமானால் எதற்கு ஆட்டம் என்று சண்டைக்கு வந்தார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விறகு பிளந்து பழகாத ஒருவர் கோடரியை எடுத்து இருபது தரம் ஓங்கிப் போட்டுப் பார்க்கட்டும். மறுநாள் பேனா பிடித்துப் பேரேடு எழுத வராது! ஆட்டத்தில் விறகுவெட்டி என்ற தொழிலை எடுத்தவர், மற்றவர்களைவிட வேகமாகக் கோடரி வீசுவார். தச்சர், நர்ஸ், போலீஸ்காரர் எல்லாரும் பட்டியலில் உண்டு. குமாஸ்தாவும் கடைக்காரரும்தான் இல்லை. நம்மவர்கள் "வேலை இல்லாதவர்" என்ற பிரிவில்தான் சேர வேண்டும்.

தவறு யோசனையில் இல்லை, அளவில் இருந்தது. உப்பு போட்டது சரி, ஒரு கை அதிகமாகிவிட்டது. தயாரிப்பாளர்களும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்தடுத்த திருத்தங்களில் வலியைக் குறைத்தார்கள். ஆடுகிறவரே கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். வேண்டாதவர் அடியோடு நிறுத்திவிடலாம். அதோடு பெரும்பாலோர் சமாதானம் ஆனார்கள். சிலர் மட்டும் வலியைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம். அது அவரவர் விருப்பம்!

செத்தவர் தோளில் கோடரி

செத்துப்போனவர் அதே ஊரில் புது ஆளாக மறுபடி தொடங்கலாம். பெயர் வேறு, முகம் வேறு. கையில் ஒன்றும் இருக்காது. பழைய வீடும், அடித்த பலகையும், நட்ட செடியும் விட்ட இடத்திலேயே இருக்கும்.

பழைய ஆளும் இருப்பார். கடிபட்டுச் செத்தவர் எழுந்து, தானும் ஒரு நடைப்பிணமாக அந்தத் தெருவிலேயே அலைந்துகொண்டிருப்பார். அவர் முதுகில் அதே பை. அவரிடம் அதே கோடரி.

கோடரியை வாங்க வேண்டுமானால் அவரை அடித்துக் கீழே தள்ள வேண்டும். அதற்கு முதலில் எங்காவது ஒரு சுத்தி தேட வேண்டும்.