முதலில் நம் கண்

“நொய்யலைக் கெடுத்தவர்கள் சாயப்பட்டறைக்காரர்கள்தான்!”

திருப்பூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பொய்யில்லை. சாயக்கழிவை ஆற்றில் விடக் கூடாதென்ற கட்டளை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது.

ஆனால் ஊர்ச் சாக்கடையும் அதே ஆற்றில்தானே கலக்கிறது? அதில் நம் வீட்டுப் பங்கு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை!

இயேசு பெருமான் தச்சர். மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் அவர் காட்டும் உவமையும் மரத்தைப் பற்றியதுதான்: அடுத்தவர் கண்ணில் துரும்பு; நம் கண்ணிலோ உத்திரம்! துரும்பு கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். முதலில் உத்திரத்தை எடுத்தால், துரும்பை எடுக்கப் பார்வை தெளியும் என்கிறார்.

பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுமுன் கை ஒரு கணம் தயங்கட்டும். பிறகு, பட்டறை முதலாளியைத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்!