பாதியில் எழுந்து போகிறவரின் பங்கு

வடசென்னையில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் வட்டமாக அமர்ந்து ஆரம்பிக்கிற சீட்டாட்டம், அந்த ஆறு பேரும் அமர்ந்திருக்கும்போதே முடிவு பெறுவது அபூர்வம். 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரிலும், அசோக் லேலண்டு எண்ணூரிலும் வளர்த்தெடுத்த தொழிற்சாலை வாழ்க்கையானது ஷிப்ட் என்னும் தெய்வத்துக்குக் கட்டுப்பட்டது. காசிமேட்டுப் படகுகளோ விடியலுக்கு முன்பே ஆட்களை அழைத்துக்கொள்பவை. ஆகவே, ஆட்டம் சூடு பிடிக்கிற சமயத்தில் ஒருவர், "அண்ணே, நைட் ஷிப்ட், கிளம்பறேன்" என்று எழுந்து நின்றால், அவர் முன்னால் பணயமாகக் குவிந்திருக்கிற புளியங்கொட்டைகளை என்ன செய்வது என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. அற்ப விஷயம் என்று தோன்றினாலும், நிகழ்தகவுக் கணிதம் என்று இன்று நாம் கொண்டாடுகிற சாஸ்திரம் தொட்டில் கட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான்.

1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் லூகா பச்சோலி என்னும் துறவி இதற்கு ஒரு விடை எழுதினார். ஆட்டம் நின்றுபோன தருணத்தில் ஒவ்வொருவரும் எத்தனை முறை வென்றிருக்கிறாரோ அந்த விகிதப்படி பணயத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தீர்ப்பு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நூறு முறை வெல்ல வேண்டிய ஓர் ஆட்டத்தில், முதல் முறை மட்டும் ஒருவர் வென்று, உடனே ஆட்டம் நின்றுபோனால், இந்தக் கணக்கின்படி பணயம் முழுவதும் அவருக்கே போய்விடும். மற்றவருக்கு ஒரு கொட்டைகூட மிஞ்சாது. இந்த விபரீதத்தைச் சுட்டிக்காட்டிய கணித அறிஞர் தார்த்தாலியா, இத்தகைய வழக்கு கணிதத்தைவிட நீதிமன்றத்துக்கே உரியது என்னும் பொருள்பட எழுதி ஒதுங்கிக்கொண்டார். சீட்டாட்டத் தகராறுகளை நேரில் பார்த்தவர்கள் அவர்மீது குற்றம் சொல்லமாட்டார்கள்.

1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்த முடிச்சு அவிழ்ந்தது. பாஸ்கல் எடுத்துக்கொண்ட உதாரணத்தையே நம்முடைய மாடிக்குக் கொண்டு வருவோம். இருவர் ஆளுக்கு 32 புளியங்கொட்டை வைத்து, முதலில் மூன்று முறை வெல்பவருக்கு 64-ம் சொந்தம் என்ற நிபந்தனையோடு ஆடுகிறார்கள். ஒருவர் இரண்டு முறையும் மற்றவர் ஒரு முறையும் வென்றிருக்கும்போது சங்கு ஊதிவிடுகிறது. பச்சோலியின் விகிதப்படி முன்னிலையில் இருப்பவருக்குச் சுமார் 43 கிடைக்கும். பாஸ்கல் நடந்ததை விட்டுவிட்டு, நடக்கவிருந்ததைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்திலும் முன்னிலைக்காரரே வென்றிருந்தால் அவருக்கு 64. தோற்றிருந்தால் இருவரும் சமமாகி ஆளுக்கு 32. ஆக, எது நேர்ந்தாலும் 32 அவருக்கு நிச்சயம். எஞ்சியிருக்கிற 32 மட்டுமே சந்தேகத்தில் தொங்குகிறது. சந்தேகம் இரு பக்கமும் சமமானபடியால் அதைப் பாதியாக்கினால், அவருக்கு மொத்தம் 48, மற்றவருக்கு 16. ஃபெர்மா வேறொரு வழியில் புறப்பட்டு இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்: இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தால் நான்கு விதமாக முடிந்திருக்கலாம், அவற்றில் மூன்று முன்னிலைக்காரருக்கு அனுகூலமானவை, ஆகவே நான்கில் மூன்று பங்கு அவருக்கு. ஆட்டத்தை விட்டுப் போகிறவனுக்கு உரியது அவன் சம்பாதித்ததன் அளவு அன்று, அவனுக்கு மிச்சமிருந்த வாய்ப்பின் அளவு என்னும் இந்த ஒரு பார்வை மாற்றத்திலிருந்துதான் பிற்காலத்து ஆயுள் இன்ஷூரன்ஸ் கணக்குகள் வரை எல்லாம் கிளைத்தன.

இதில் ஒரு சூக்ஷ்மமான அனுமானம் ஒளிந்திருக்கிறது: இருவருடைய திறமையும் சமம் என்பது. வடசென்னைவாசி ஒருவர் இதை எளிதில் மறக்கமாட்டார். ஏனென்றால் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனான மரிய இருதயத்தையும், 2008-இல் அந்தப் பட்டத்தைப் பெற்ற வியாசர்பாடி இளவழகியையும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவையும் கேரம் பலகைக்கு அளித்தது சென்னை நகரம். காசிமாவுக்கு எதிரே அமர்ந்து, இரண்டுக்கு ஒன்று என்று நாம் முன்னிலையில் இருக்கும்போது மின்சாரம் போனால், 48 எனக்கு என்று கை நீட்டுவதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும்.

நம் ஊர் ரம்மிக்காரர்கள் பாஸ்கலைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவருடைய தத்துவத்தை அவர்கள் தினந்தோறும் அனுஷ்டிக்கிறார்கள். பதின்மூன்று சீட்டு ரம்மியில், கைக்கு வந்த சீட்டு சகிக்கவில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் சொல்லி 20 தண்டப் புள்ளியோடு ஒதுங்கலாம்; கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு ஒதுங்கினால் மிடில் ஸ்கூட், 40; கடைசி வரை பிடிவாதமாக இருந்து மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் ஃபுல், 80. ஒரு கையிலிருந்து விலகுவதற்குக் காலத்துக்கு ஏற்ப ஏறுகிற விலை இது. 101-ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும் என்று ஆடும்போது, ஆட்டத்தைப் பாதியில் கலைக்க நேர்ந்தால், இன்னும் எத்தனை ஸ்கூட் தாங்குவார் என்பதை வைத்து ஒவ்வொருவருடைய பங்கையும் பேசுகிறார்கள். 35 புள்ளியில் இருப்பவர் 55, 75, 95 என்று மூன்று ஸ்கூட் தாங்குவார். 60-இல் இருப்பவர் இரண்டு. 75-இல் இருப்பவர் ஒன்றே ஒன்று. 80-க்கும் 81-க்கும் இடையே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் 80-காரருக்கு ஒரு ஸ்கூட் மிச்சமுண்டு, 81-காரருக்கு அதுவும் இல்லை. மிச்சமிருக்கிற மூச்சை எண்ணுகிற இந்த வழக்கம் பச்சோலியின் ஏட்டுக் கணக்கைவிட எவ்வளவோ மேலானது.

போக்கர் போட்டியில் சிக்கல் வேறு வகைப்பட்டது. அங்கே எல்லாரும் சமமான சிப்புகளோடு தொடங்கி, கடைசி சிப்பு வரை தோற்றவர் எழுந்துவிட, முதல் இரண்டு மூன்று இடங்களுக்குப் பரிசு கிடைக்கிறது; ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் பிளைண்ட் என்னும் கட்டாயப் பணயம் வைக்க வேண்டும்; அந்தப் பணயமோ நேரம் ஆக ஆக உயரும். ஒருவர் பாதியில் போய்விட்டால், அவர் இடத்தை அப்படியே விட்டு, முறை வரும்போதெல்லாம் அவர் குவியலிலிருந்து பிளைண்டை எடுத்துப் போட்டுக்கொண்டே போவது பெரிய போட்டிகளின் சம்பிரதாயம். வீட்டு ஆட்டத்தில் இது ஓர் அநீதிக்கு இடம் தருகிறது. ஆளில்லாத இடம் பெரிய பிளைண்ட் வைக்கும்போது, அதற்கு வலப்பக்கத்தில் சிறிய பிளைண்ட் வைத்து அமர்ந்திருப்பவர், மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டால், எதிர்ப்பே இல்லாமல் அந்தப் பணயத்தை அள்ளிக்கொள்கிறார். அதிர்ஷ்டம் சீட்டில் இல்லாமல் நாற்காலியில் வந்து குடியேறிவிடுகிறது. போனவருடைய சிப்புகளை அறவே எடுத்துவிட்டால் மற்றவர்களின் பங்கு ஒரே விகிதத்தில் உயருமேயன்றி, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தனிச் சலுகை கிட்டாது. தம்பியையோ மைத்துனரையோ அமர்த்திவிட்டுப் போவது நம் வீடுகளில் சகஜமானாலும், அந்தத் தம்பி அண்ணனைவிட நன்றாக ஆடுகிறவனாக அமைந்துவிடுவதுண்டு என்பதால், எல்லாரும் சம்மதித்தாலொழிய அதற்கு இடம் கொடுக்கலாகாது.

பரிசை நெருங்கிவிட்டவர் போக நேர்ந்தால், அவர் பங்கைச் சிப்பின் எண்ணிக்கைப்படி நேராகக் கணக்கிடுவதும் பிழை. குதிரைப் பந்தயத்தில் இரண்டாம் மூன்றாம் இடங்களின் வாய்ப்பைக் கணிக்க ஹார்வில் என்பவர் 1973-இல் ஒரு முறை வகுத்தார். மேசன் மால்முத் என்பவர் அதைப் போக்கருக்குப் பொருத்தினார். மூவர் மிஞ்சியிருக்க, ஒருவரிடம் பாதிச் சிப்பும் மற்ற இருவரிடம் கால் கால் பங்கும் இருக்கின்றன. முதல் பரிசு 70, இரண்டாம் பரிசு 30 என்று கொள்வோம். பாதிச் சிப்புக்காரர் முதலாவதாக வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டாவதாக வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆகவே அவருக்குரியது 35-ம் 10-ம் சேர்ந்து 45. எஞ்சிய இருவருக்கும் ஆளுக்கு 27.5. எல்லாச் சிப்பையும் வென்றாலும் 70-க்கு மேல் கிடைக்காது என்ற வரம்பு இருப்பதால், குவியல் பெருகப் பெருக ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் சற்றே குறைகிறது.

இங்கே பேசுவது புளியங்கொட்டை ஆட்டத்தை. பணம் வைத்து ஆடுகிறவர்களுக்குச் சட்டத்தின் கதை தனி: ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் சொன்னது, 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ இணையவழிப் பணவிளையாட்டுகளை, திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றித் தடை செய்துவிட்டது.

என் அபிப்பிராயத்தில், வீட்டுப் போக்கர் ஆட்டத்துக்கு இரண்டு ஏற்பாடுகள் போதும். இரண்டும் முதல் சீட்டைப் போடுமுன்பே பேசி முடிக்கப்பட வேண்டும். பிளைண்ட் முதன்முறை உயர்வதற்குள் போகிறவருக்கு, அவர் முன் மிஞ்சியிருக்கிற கொட்டைகளின் விகிதப்படி நுழைவுப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கொட்டைகளை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு போகிறவருடைய கொட்டைகள், பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சற்றுச் சலுகையானாலும், அவருடைய இடத்திலேயே இருந்து கரையட்டும். கரைவதற்குள் மற்றவர்கள் தோற்று வெளியேறி, ஷிப்டுக்குப் போனவர் இரண்டாவதாக வந்துவிட்டால், அந்தப் பரிசு அவருக்கே சேரும், முணுமுணுப்புக்கு இடமில்லை.