லாரி இன்ஜினுக்கு 'டானிக்' ஊற்றலாமா? பதில் மணலியிலேயே இருக்கிறது!

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க முடியாது. அந்த வரிசையில், ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் நம்பிப் பிழைப்பவர்களின் லாரிகளும் உண்டு. மாதத் தவணை, டயர், இன்ஷூரன்ஸ், டிரைவர் பேட்டா எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். இன்ஜின் ஒருமுறை படுத்துவிட்டால், பல மாத உழைப்பு அப்படியே கரைந்துவிடும்.

அந்தப் பயத்தை நம்பித்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அலமாரிகளில் சில டப்பாக்கள் நிற்கின்றன. 'இன்ஜின் ஆயிலோடு இதையும் ஊற்றுங்கள், தேய்மானம் குறையும், மைலேஜ் கூடும், புகை நிற்கும்' என்கின்றன அவை. இந்த ஆயில் அடிட்டிவ்கள் நிஜமாகவே பலன் தருமா?

ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது அடிட்டிவ்!

நாம் வாங்கும் டீசல் இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. கரியைக் கழுவ ஒரு ரசாயனம், கழுவிய கரி கட்டியாகாமல் மிதக்க வைக்க இன்னொன்று, தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒன்று, நுரையை அடக்க மற்றொன்று எனப் பல சேர்க்கைகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

இந்தச் சேர்க்கைகளைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை நம் மணலியிலேயே இருக்கிறது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனும் அமெரிக்காவின் செவ்ரான் ஓரோனைட்டும் சேர்ந்து 1989-ல் தொடங்கிய 'இந்தியன் அடிட்டிவ்ஸ் லிமிடெட்'தான் அது. ஆக, ஆயில் கேன் கடைக்கு வரும்போதே அடிட்டிவும் சேர்ந்தே வருகிறது.

சரி, கூடுதலாகக் கொஞ்சம் ஊற்றினால் என்ன? பக்குவமாக இறக்கிய சாம்பாரில் இன்னும் இரண்டு ஸ்பூன் உப்பு போடுவது போலத்தான். கழுவும் ரசாயனமும் தேய்மானத்தைத் தடுக்கும் ரசாயனமும் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ள ஒன்றோடொன்று போட்டி போடுபவை. ஒன்றின் அளவு எகிறினால் மற்றொன்றின் வேலை கெடலாம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

'ஸ்லிக் 50' என்று ஓர் அடிட்டிவ் அங்கே சக்கைப்போடு போட்டது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே வழுவழுப்புப் பொருள்தான் அதிலும். 'காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை' என்று விளம்பரம் பயமுறுத்தியது. 1996-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. கம்பெனி சொல்லும் ஆயிலை ஊற்றினாலே ஸ்டார்ட்டிங் தேய்மானத்திலிருந்து பெரும்பாலான இன்ஜின்களுக்குப் போதுமான பாதுகாப்பு கிடைக்கிறது என்பது ஆணையத்தின் வாதம். ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1997-ல் விவகாரம் முடிந்தது. பின்னர் 'டியூரா லூப்', 'இசட்மேக்ஸ்' ஆகியவற்றின் மீதும் இதே போன்ற வழக்குகள் வந்தன.

பி.எஸ்-6 லாரியா? கூடுதல் கவனம்!

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்-6 லாரிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் போய்த் தங்கும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் 'ஏபிஐ சிகே-4' தர ஆயிலில் சாம்பல் 1 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பே இருக்கிறது. உலோகச் சேர்மம் கலந்த டப்பாவை மேலே ஊற்றினால், அந்தக் கணக்கு தப்பிவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் செலவு உங்கள் தலையில்தான். வாரன்டிக்கும் சிக்கல் வரலாம்.

பழைய லாரி நீலப் புகை தள்ளுகிறதா? ஆயிலைக் கெட்டியாக்கும் சில அடிட்டிவ்கள் புகையைக் கொஞ்ச நாள் குறைத்துக் காட்டும். ஆனால், தேய்ந்த ரிங்கும் லைனரும் பழையபடி வளராது. நோய் உள்ளேயே முற்றும்.

நிஜமான எதிரி யார்?

துறைமுக லாரிகளுக்கு வில்லன், வரிசைதான். வண்டி நகராது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆயிலில் கரி சேரும், எரியாத டீசலும் கலக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றினால் ஏமாந்துபோவோம். இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு டப்பா 800 ரூபாய், வருடத்துக்கு 4 முறை என்று வைத்துக்கொள்வோம். 3,200 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தில் இதையெல்லாம் செய்யலாம்:

* லாரி கையேட்டில் உள்ள தரக்குறியீட்டையே கேனில் பார்த்து வாங்குங்கள். சீல், பில் இரண்டும் முக்கியம்.
* ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரிஜினல் ஆயில் ஃபில்டரும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரில் தூசி அடைய விடாதீர்கள்.
* தினமும் காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பானால் பயம் வேண்டாம், கரியைக் கழுவுகிறது என்று அர்த்தம். அளவு ஏறினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது, பால்போல் வெளுத்தால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள்.
* நான்கைந்து லாரிகள் வைத்திருந்தால், பழைய ஆயிலை லேபில் கொடுத்துப் பரிசோதியுங்கள். அதில் கலந்திருக்கும் உலோகத்துகளே எந்தப் பாகம் தேய்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.
* வரிசை நகராதபோது இன்ஜினை அணையுங்கள். ஆயிலும் மிச்சம், டீசலும் மிச்சம்!